கால் கழுவ ஓர் ஆள்

தோர்காசி எங்கள் வளவுக்குக் குடி வந்த அன்று அடித்த மழையில் அவளுடைய மெத்தை நனைந்தது, அரிசி நனைந்தது, அவள் மகளுடைய புத்தகங்கள் எல்லாம் நனைந்தன. நனையாமல் வந்தது கருவாட்டு மூட்டை ஒன்றுதான். அதை மட்டும் மூன்று பிளாஸ்டிக் தாளில் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு வண்டியிலிருந்து இறங்கினாள். நான் தையல் மெஷினை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்தேன்.

"இந்த ஊர்ல வெயில் எப்போ வரும்?" என்று கேட்டாள்.

"போன வாரம் வந்துட்டுப் போயிடுச்சு அக்கா. நீங்கதான் லேட்."

அவள் சிரித்தாள். எங்கள் மலையூர் துக்குயுவில் மழையைப் பற்றிக் குறை சொல்லாமல் சிரித்த முதல் வெளியூர்க்காரி அவள்தான். எனக்குப் பிடித்துப்போனது.

முசோமாவுக்குப் பக்கத்தில் ஏரிக்கரைக் கிராமம் அவளுக்கு. அங்கிருந்து இங்கே வர இரண்டு நாள் பஸ் பயணம். மகள் எஸ்தாவுக்கு எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை. புருஷன் இறந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. தனியாக இருக்க வேண்டாம் என்று மகளோடு வந்துவிட்டாள். இவ்வளவுதான் சொன்னாள். நானும் அத்தோடு விட்டுவிட்டேன் என்று சொன்னால் என்னைத் தெரிந்தவர்கள் யாரும் நம்பமாட்டார்கள். எப்படி இறந்தார், எப்போது, கூட யார் இருந்தார்கள் என்று சுற்றிச் சுற்றிக் கேட்டேன். "ஏரிதான் கொண்டுபோச்சு" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை.

பத்தே நாளில் சந்தையில் இடம் பிடித்துக் கருவாடு விற்க உட்கார்ந்துவிட்டாள். வாழைக்காயும் அவரையும் தின்று வளர்ந்த எங்கள் ஆட்களுக்குப் பொடிமீனை மணலில்லாமல் அலசி வறுப்பது எப்படி என்று கற்றுக்கொடுத்ததே அவள்தான். அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் என் வாசலில் வந்து உட்கார்ந்தாள்.

"துசெகிலே, நீ எந்தச் சபை?"

"மொரேவியன். எங்க தாத்தாவுக்குத் தாத்தா காலத்துலருந்து."

"நாளைக்கு நானும் வரட்டா?"

கூட்டிக்கொண்டு போனேன். எங்கள் பாடகர் குழுவைப் பற்றி நானே சொல்லக் கூடாது, ஆனாலும் சொல்கிறேன்: மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்தெல்லாம் வந்து கேட்பார்கள். தோர்காசி கண்ணை மூடிக் கேட்டாள். அவளிடம் மூன்று கேள்வி இருந்தது. இரண்டை ஆராதனை முடிந்ததும் எங்கள் போதகரிடம் கேட்டாள். குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பீர்களா? ஆமாம் என்றார். விவரம் தெரியாத பிள்ளைக்கு எதற்கு என்றாள். ஆயுதம் எடுக்கலாமா? அது அவரவர் மனசாட்சி என்றார். மூன்றாவது கேள்வியை வெளியே வந்த பிறகு என்னிடம்தான் கேட்டாள்.

"நீங்க எப்போ கால் கழுவுவீங்க?"

"குளிக்கும்போது."

"விளையாடாதே. அப்பம் எடுக்கறதுக்கு முன்னாடி ஒருத்தருக்கு ஒருத்தர் கழுவிக்க மாட்டீங்களா?"

"இந்தக் குளிர்லயா? எங்க ஆளுங்களுக்கு அவங்கவங்க காலைக் கழுவவே தண்ணி காய வைக்கணும்."

அவளுக்குக் கோபம் வரவில்லை. அதுதான் அவளிடம் பிரச்சினை. கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லியிருப்பேன். "உங்க சபை நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தான் அது இல்லாம அப்பம் எடுக்க முடியாது" என்று மட்டும் சொன்னாள். அவர்கள் ஊரில் வருஷத்துக்கு இரண்டு தடவை திருவிருந்து. அதற்கு முன்னால் பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம் உட்கார்ந்து கால் கழுவிக்கொள்வார்கள். கழுவாதவர்களுக்கு அப்பமும் இல்லை, திராட்சரசமும் இல்லை. பதினாறு வயதில் ஏரியில் முங்கி ஞானஸ்நானம் வாங்கியதிலிருந்து அவள் ஒரு தடவை கூடத் தவறவிட்டதில்லையாம்.

அப்புறம் அவளோடு ஊரில் உள்ள எல்லாச் சபைகளுக்கும் நான் அலைந்தேன். எங்கள் வீட்டுக்காரர், "உனக்கென்ன, ஓசியில ஊரெல்லாம் பாட்டுக் கேக்கற" என்று கேலி செய்தார். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்ட ஒரு தீர்க்கதரிசி இருந்தார். நான்கு ஒலிபெருக்கி, அவரோடு சேர்த்து ஐந்து. அவர் தோர்காசியின் தலையில் கை வைத்து, தூர தேசம் போன உன் புருஷன் மூன்று மாதத்தில் திரும்பி வருவார் என்று கத்தினார். வெளியே வந்ததும், "மூணு மாசத்துல வந்தார்னா முதல்ல ஓடறது நான்தான்" என்றாள். இரண்டு பேரும் நடு ரோட்டில் நின்று சிரித்தோம். சிரித்துக்கொண்டே இருந்தவள் திடீரென்று முந்தியால் முகத்தை மூடிக்கொண்டாள். நான் என்ன செய்வது என்று தெரியாமல் அவள் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

லூத்தரன்காரர்களிடம் போனோம். பெந்தெகொஸ்தேக்காரர்களில் மூன்று வகையைப் பார்த்தோம். ஓரிடத்தில் முழுக்கு ஞானஸ்நானம் இருந்தது, கால் கழுவுதல் இல்லை. இன்னோரிடத்தில் கால் கழுவுவோம் என்றார்கள், விசாரித்தால் பாஸ்டருடைய காலை மட்டும் கழுவ வேண்டுமாம். இப்படியே இரண்டு வருஷத்துக்கு மேல் போனது. ஒவ்வொரு ஈஸ்டருக்கும் எங்கள் சபையில் எல்லாரும் அப்பம் எடுக்க எழும்போது தோர்காசி கையைக் கட்டிக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். வயிற்றுப் பசிக்காரி கூட இன்னொருத்தர் தட்டை அப்படிப் பார்க்கமாட்டாள். அதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது, கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது. காலில் என்ன இருக்கிறது, பேசாமல் எடுத்துத் தொலைக்க வேண்டியதுதானே என்று நினைத்தேன்.

கடைசியில், ஞாயிறுக்குப் பதில் சனிக்கிழமை கூடுகிற சனிக்கிழமைச் சபைக்காரர்கள் கால் கழுவுவார்கள் என்று எஸ்தா கேள்விப்பட்டு வந்து சொன்னாள். தோர்காசி முகத்தில் அன்றைக்கு வந்த வெளிச்சத்தை நான் மறக்கமாட்டேன். சனிக்கிழமை சந்தை நாள். அவளுக்கு வியாபாரமே அன்றைக்குத்தான். "பரவாயில்லை, கடையை அடைக்கிறேன்" என்றாள். அடுத்த வாரம் இன்னொரு சேதி வந்தது. அவர்கள் செதில் இல்லாத மீனைத் தொடமாட்டார்களாம். அவள் கூடையில் பாதி புகை போட்ட கெளுத்திதான்.

"என் காலைத் தொடுவாங்களாம், என் மீனைத் தொட மாட்டாங்களாம்" என்றாள்.

"மீனை விட உன் கால் சுத்தம்னு வெச்சுக்கோயேன்."

"சரி, கெளுத்தியை விட்டுடறேன்."

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. தன் ஊர்க் கெளுத்தியை விடத் துணிந்தவள் எதற்கும் துணிந்தவள்தான்.

அந்தச் சபையில் கால் கழுவும் நாள் மார்ச் மாதம் வந்தது. நானும் துணைக்குப் போனேன். அன்று காலை கிளம்பும்போது எங்கள் வீட்டுக் கூரை ஒழுகியது. வீட்டுக்காரர் கட்டிலில் சாய்ந்துகொண்டு மழை விடட்டும் என்றார். "நீங்க ஆம்பளையா இருந்தா நான் வர்றதுக்குள்ள ஏறி அடைச்சிருக்கணும். முடியலைன்னா சொல்லுங்க, என் பாவாடையைக் கட்டிவிடறேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். இது நான் தினமும் பேசுகிற பேச்சுதான்.

சனிக்கிழமைச் சபையில் பெண்களுக்குத் தனி அறை. எங்கள் ஊர்க் குளிருக்காக வெந்நீர் வைத்திருந்தார்கள். வந்தவர்களை அன்போடு உட்கார வைத்தார்கள். கண்ணாடி போட்ட ஒரு நர்ஸம்மா தோர்காசிக்கு முன்னால் முழங்கால் போட்டு, அவள் காலை எடுத்துப் பேசினுக்குள் வைத்து, பச்சைப் பிள்ளைக்குக் கழுவுவது மாதிரி கழுவித் துடைத்தாள். நான் மூலையில் நின்று பார்த்தேன். அப்பாடா, கிடைத்துவிட்டது என்று எனக்கே நெஞ்சு நிறைந்தது. பிறகு தோர்காசியின் முறை. குனிந்தாள். நர்ஸம்மாவின் காலைக் கையில் எடுத்தாள். எடுத்தவள் அப்படியே இருந்தாள். தண்ணீர் ஆறிக்கொண்டிருந்தது.

"என்ன சகோதரி?" என்றாள் நர்ஸம்மா.

"மன்னிச்சுக்கோங்கம்மா. உங்க மேல எனக்கு ஒண்ணுமே இல்ல" என்று சொல்லிவிட்டுத் தோர்காசி எழுந்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

நான் பின்னாலேயே ஓடினேன். சபை வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். "இது என்ன கூத்து?" என்று கத்தினேன். "ரெண்டரை வருஷம் தேடி, வியாபாரத்தை விட்டு, கெளுத்தியை விட்டு, கிடைச்சதும் எழுந்து ஓடறயே!"

அப்போதுதான் சொன்னாள். மழை போட்ட சத்தத்தில் நான் அவள் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்து கேட்டேன்.

அவள் ஊர்ச் சபையில் பக்கத்தில் இருப்பவர் காலைக் கழுவிவிட்டு எழுந்துவிட முடியாது. யார் மேல் மனத்தாங்கல் இருக்கிறதோ அவரிடம்தான் போக வேண்டும். யார் முகத்தில் முழிக்கப் பிடிக்கவில்லையோ அவள்தான் அந்த வருஷம் 'என் ஆள்'. யார் மேலும் ஒன்றும் இல்லை என்றால் மட்டும் யாரோடு வேண்டுமானாலும் சேரலாம். தோர்காசியின் புருஷன் மன்யாமா, ஒரு படகில் கூலிக்குப் போகிறவர். படகுக்காரர் படுத்த படுக்கையாக இருந்ததால் அவர் மனைவி நியாஞ்சுராதான் படகைப் பார்த்துக்கொண்டாள். தோர்காசியோடு ஒரே நாளில் ஏரியில் முங்கி ஞானஸ்நானம் வாங்கியவள். ஒரு நாள் காலையில் காற்று சரியில்லை என்று மன்யாமாவோடு சேர்த்து நான்கு ஆண்களும் கரையிலேயே உட்கார்ந்திருந்தார்கள். நியாஞ்சுரா வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னாளாம்: "காத்துக்குப் பயந்தவங்க எல்லாம் பொண்டாட்டி துணியைக் கட்டிக்கிட்டு அடுப்படியில உக்காருங்க. வலையை நான் இழுத்துக்கறேன்." கரையில் இருந்த பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். நால்வரும் எழுந்து படகைத் தள்ளினார்கள். மூன்று பேர் கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டு பிழைத்தார்கள்.

"சிரிச்சவங்கள்ல நானும் ஒருத்தி" என்றாள் தோர்காசி.

அடக்கம் முடிந்து மூன்று மாதத்தில் கால் கழுவும் நாள் வந்தது. நியாஞ்சுரா பேசினையும் துண்டையும் எடுத்துக்கொண்டு, சபையே பார்க்க, நேராக இவளிடம் வந்தாள். இவள் காலைப் பெஞ்சுக்கு அடியில் இழுத்துக்கொண்டாள். பிறகு எழுந்து வெளியே போனாள். அடுத்த மாதம் எங்கள் வளவில் இருந்தாள்.

என் வாய் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. "அப்போ நீ உன் சபை மாதிரி ஒரு சபையைத் தேடலை. அந்தப் பொம்பளை இல்லாத உன் சபையைத் தேடியிருக்க" என்றேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். சொல்லி முடித்த பிறகுதான் எனக்குக் காலையில் வீட்டில் பேசியது நினைவுக்கு வந்தது. கூரை. பாவாடை. மூன்று நாள் மழையில் ஊறிய தகரம். குடையைக் கூட எடுக்காமல் ஓடினேன். சந்தையைத் தாண்டி, வாய்க்காலைத் தாண்டி, இரண்டு தடவை சேற்றில் விழுந்து வீட்டுக்குப் போனால் எங்கள் வீட்டுக்காரர் நான் விட்ட இடத்திலேயே டீ குடித்துக்கொண்டிருந்தார். ஒழுகுகிற இடத்தில் ஒரு பானையை வைத்திருந்தார், அவ்வளவுதான். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அந்த மனிதரின் சோம்பேறித்தனத்துக்காகக் கடவுளுக்கு நன்றி சொன்னேன். அவர் பயந்துபோய், "யாராவது செத்துட்டாங்களா?" என்று கேட்டார்.

சாயங்காலம் தோர்காசியிடம் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். வாயில் வந்தது வேறு. "அக்கா, நானும் இன்னைக்குக் காலையில அவர்கிட்ட அதையேதான் சொல்லிட்டு வந்தேன். அந்த மனுஷன் சொல்பேச்சு கேக்கறவரா இருந்திருந்தா ஏறியிருப்பாரு. ஏறி விழுந்திருந்தா, சொன்ன நான் எந்தச் சபையில போய் உக்காருவேன்?"

அவள் கெளுத்தியைப் புகை வாசனையோடு திரும்பக் கூடையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். அதன் பிறகு பதினைந்து நாள் என்னோடு பேசவில்லை. வளவில் எதிரே வந்தால் வணக்கம் மட்டும் சொன்னாள். நான் மூன்று சட்டைகளுக்குக் கையை மாற்றி வைத்துத் தைத்தேன்.

அவர்கள் ஊரில் கால் கழுவுகிற பெரிய வியாழனுக்கு நான்கு நாள் இருக்கும்போது என் வாசலில் வந்து நின்றாள்.

"ஊருக்குப் போறேன். தனியாப் போனா பாதியில இறங்கித் திரும்பிடுவேன். நீயும் வா."

"இறங்கினா?"

"நீ விடவா போற? உன் வாய்தான் சும்மா இருக்காதே."

இரண்டு நாள் பஸ்ஸில் அவள் பேசியது மொத்தம் இருபது வார்த்தை இருக்காது. சிங்கிடாவில் இறங்கி மாறும்போது ஒரு தடவை கையைப் பிடித்து ஏற்ற வேண்டியிருந்தது. முசோமாவில் வெயில் மண்டையைப் பிளந்தது.

ஏரியைப் பார்த்தபடி இருந்தது சபை. வெளியே வலைகள் காய்ந்தன. உள்ளே பெண்கள் பக்கம் பெஞ்சுகளை எதிரெதிராகப் போட்டு நடுவில் பேசின்களை வைத்திருந்தார்கள். பழைய சிநேகிதிகள் தோர்காசியைக் கட்டிப்பிடித்தார்கள். அவள் கண் மட்டும் முன் பெஞ்சுகளில் தேடியது. நியாஞ்சுரா எப்போதும் முன்னால்தான் உட்காருவாளாம். அங்கே இல்லை.

"அவ இல்லையா?" என்று போதகரின் மனைவியிடம் கேட்டாள். இல்லை என்று சொல்லிவிட்டால் நிம்மதியாகிவிடும் என்பது அவள் முகத்தில் தெரிந்தது. அதற்கு எனக்கு அவள் மேல் கோபம் வரவில்லை.

போதகரம்மா கதவுப் பக்கம் காட்டினாள். அப்பம் எடுக்காதவர்கள் உட்காரும் கடைசி பெஞ்சு அது. இடுப்பில் கை வைத்த பெரிய உடம்புக்காரியை நான் மனதில் வைத்திருந்தேன். அங்கே வெளுத்த துணி கட்டிய ஒல்லியான ஒருத்தி, செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ போனதிலருந்து அங்கதான் உக்கார்றா. ஒவ்வொரு தடவையும் நாங்க கூப்பிடுவோம். நான் கழுவறேன்னு நானே போனேன். 'வேண்டாம்மா, என் ஆள் ஊர்ல இல்ல'ன்னு சொல்லிட்டா."

தோர்காசி கொஞ்ச நேரம் நின்றாள். அவள் திரும்பி வாசல் வழியாகப் போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன். பிறகு குனிந்து ஒரு பேசினை எடுத்தாள். துண்டை இடுப்பில் கட்டினாள். தண்ணீர் தளும்பத் தளும்ப நடந்து போய் அந்தப் பெஞ்சுக்கு முன்னால் வைத்தாள். நியாஞ்சுரா நிமிர்ந்து பார்த்ததும் சட்டென்று எழுந்துவிட்டாள்.

"வேண்டாம் அக்கா. நான்தான் உனக்கு முதல்ல கழுவணும். அன்னைக்கு அந்தப் பேச்சைப் பேசினது நான்தான்."

"தெரியும். உக்காரு."

"நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

"கூடாதுதான். நானும் சிரிச்சிருக்கக் கூடாது. காலை நீட்டு."

அவள் நீட்டினாள். தோர்காசி தரையில் உட்கார்ந்து அந்தக் காலைத் தண்ணீரில் வைத்து, விரல் இடுக்கெல்லாம் தேய்த்து, சந்தையில் மீன் அலசுகிற அதே அக்கறையோடு கழுவினாள். இரண்டு பேரும் அழுதார்கள். மொரேவியன்காரியான நானும் கதவோரம் நின்று, எனக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு சபையில் கேவிக் கேவி அழுதேன். பிறகு நியாஞ்சுரா இறங்கி உட்கார்ந்தாள். தோர்காசி பெஞ்சில் ஏறிக் காலை நீட்டினாள். அவர்கள் இருவரும் முடித்து வரும்வரை போதகர் அப்பத்தைத் தொடவில்லை. ஒருவரும் அவசரப்படுத்தவும் இல்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் ஓயாமல் பேசினாள். நியாஞ்சுரா புகை போட்டுக் கொடுத்த கெளுத்திக் கூடை எங்கள் காலடியில் இருந்தது. அதன் வாசனைக்குப் பஸ்ஸே எங்களைத் திட்டியது. மலை ஏறி மழை தொடங்கியதும் நான் கேட்டேன்.

"இனிமே எந்தச் சபையை அக்கா தேடப் போறோம்?"

"தேடறதுக்கு என்ன இருக்கு? ஞாயித்துக்கிழமை உன்கூடத்தான் வரப்போறேன். உங்க பாட்டு நல்லாயிருக்கு."

"நாங்க பச்சைப் பிள்ளைக்குத் தண்ணி தெளிக்கிறவங்க. காலும் கழுவ மாட்டோம், ஞாபகம் இருக்கட்டும்."

"நீங்க கழுவ வேண்டாம்" என்றாள் தோர்காசி, கூடையைக் காலால் இன்னும் உள்ளே தள்ளிக்கொண்டே. "என் ஆள் முசோமாவுல இருக்கா."